வசியத்திலிருந்து அறிதுயிலுக்கு: ஹிப்னோதெரபியின் போக்கும் தமிழ்ச் சொல்லும்

நம் துறையில் முன்னர்ப் பயின்று, இப்போது தமிழ்ப்பள்ளியொன்றில் ஆசிரியராகப் பணிபுரியும் மாணவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மொழிபெயர்ப்புப் பணியோடு நம்மை நாடி வந்தார். மருத்துவமனை ஒன்றில் நாட்பட்ட வலியுடையோருக்கு வழங்கப்பெறும் இரண்டு பக்க விளக்கத்தாளை மலாயிலிருந்து தமிழாக்கித் தருமாறு அவரிடம் கேட்டிருந்தனர். மூலத்தில் 'ஹிப்னோதெராப்பி' என்றிருந்ததை அவர் அகராதி பார்த்து 'மனோவசிய சிகிச்சை' எனப் பெயர்த்திருந்தார். அத்தாளை முதன்முதலில் படிக்கக் கேட்டவர் முழங்கால் வலியால் பல்லாண்டு துன்புற்ற ஒரு மூதாட்டி. பாதி கேட்டதும் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "வசியம் கிசியமெல்லாம் நமக்கு வேணாம் தம்பி, சாமி கும்பிடுற குடும்பம்" என்பது அவர் சொன்ன காரணம்.

மாணவர் இதனை மூதாட்டியின் அறியாமையாகக் கருதினார். நாம் அவ்வாறு கருதவில்லை. 'வசியம்' என்னும் சொல்லின் பொருளை அவர் மிகச் சரியாகவே அறிந்திருந்தார். ஒருவரைத் தம் விருப்புக்கு மாறாகப் பிறர் வயப்படுத்துதல் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். அப்பொருளுடைய ஒன்றுக்கு உடன்படுவதாகக் கையொப்பமிடுமாறு கேட்டால் மறுப்பதே அறிவுடைமை. பிழை சொல்லில் இருந்தது. அச்சொல்லை அகராதியில் இட்ட அறிஞர்களுக்கும், அதனைத் திருத்தாமல் விட்ட நம்மைப் போன்றோருக்கும் அப்பிழையில் பங்குண்டு.

ஹிப்னோதெரபியின் ஏறத்தாழ 250 ஆண்டு வரலாற்றை ஒரே வினாவின் வரலாறாகப் படிக்கலாம் என்பது நம் கருத்து. ஆற்றல் யாரிடம் உள்ளது, செய்பவரிடமா, ஏற்பவரிடமா என்பதே அவ்வினா. தொடக்கத்தில் அது முழுவதும் செய்பவரிடம் இருப்பதாக எண்ணப்பட்டது. பின்னர்ப் படிப்படியாக ஏற்பவரிடம் சென்று சேர்ந்தது. தமிழில் வழங்கும் சொற்களும், இப்பொருள் பற்றிய எளிய நூல்களும், திரைப்படங்களும் இந்நகர்வைப் பின்தொடரவில்லை. இதற்கிடையே, அண்மைக்காலத் தொழில்நுட்பம் அவ்வாற்றலை ஏற்பவரிடமிருந்து மீண்டும் வேறிடம் கொண்டு செல்லக்கூடிய அறிகுறிகளும் தென்படுகின்றன.

பெயரிடுதலின் சிக்கல்

இக்கலைக்குப் பெயரிட்டவர்களே அப்பெயரால் இடர்ப்பட்டனர். ஃபிரான்ஸ் ஆண்டன் மெஸ்மர் வியன்னாவில் 1774இல் காந்தங்களைக் கொண்டு மருத்துவம் செய்யத் தொடங்கினார். பின்னர்க் காந்தத்தையும் விட்டு, தம் உடலினின்றே ஒரு நுண்பாய்மம் நோயாளிக்குப் பாய்வதாகக் கூறி அதனை 'விலங்குக் காந்தம்' என்றார். 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த ஆய்வுக்குழுவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியலறிஞர் லவாய்சியேவும் இருந்தனர். காந்தம் ஏற்றப்படாத மரத்தைத் தொட்டும் நோயாளி மயங்கினார். ஏற்றியதை அறியாதபோது மயங்கவில்லை. பாய்மம் என ஒன்றில்லை, விளைந்தது கற்பனையால் என்பது குழுவின் முடிவு. கற்பனையால் விளைந்தது என்றதும் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாகவே அவர்கள் கருதினர். கற்பனைக்கு உடலை அசைக்கும் வலிமை எங்ஙனம் வந்தது என்ற வினாவை எவரும் எழுப்பவில்லை. அவ்வினாவுக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு 1841இல் மான்செஸ்டரில் ஒரு மேடைக் காட்சியைக் கண்டு, பாய்மக் கொள்கையை மறுத்து, 1843இல் தம் நூலை வெளியிட்டார். கிரேக்கத்தில் துயிலைக் குறிக்கும் 'ஹிப்னோஸ்' என்பதனடியாக அவர் ஆக்கிய சொல்லே ஹிப்னாடிசம். நான்கே ஆண்டுகளில் அப்பெயர் பொருந்தாது என்பதை அவரே உணர்ந்தார். ஏற்பவர் துயிலவில்லை, ஒரே கருத்தில் மனம் ஊன்றி நிற்கிறார். ஆதலின் 'ஒற்றைக் கருத்துநிலை' எனப் பொருள்படும் 'மோனோஐடியிசம்' என்ற சொல்லை 1847இல் முன்மொழிந்தார். உலகம் அதனை ஏற்கவில்லை. பெயர் வைத்தவரே மாற்றக் கேட்டும் மாறாத பெயர்களுள் இதுவும் ஒன்று.

நம் நாட்டின் பிறமொழிகளிலும் இச்சிக்கல் உண்டு. சீனச் சொல் துயிலைத் தூண்டுதல் என்று பொருள்படும். மலாயில் வழங்கிவந்த 'புக்காவ்' என்பதோ, வீட்டாரை உறங்கச் செய்து களவாடும் திருடரின் மந்திரத்தைக் குறித்த சொல். வழிப்போக்கரிடம் பேச்சுக்கொடுத்து நகையைக் கழற்றி வாங்கிச் செல்லும் வஞ்சகத்தையும் மக்கள் இன்றும் அச்சொல்லாலேயே குறிக்கின்றனர். மருத்துவத் தாள்கள் அதனை விலக்கி 'ஹிப்னோதெராப்பி' என்ற கடன்சொல்லை ஏற்றதன் காரணம் தெளிவு. மலாய்மொழி செய்த அந்த விலக்கலை, அதே தாளைத் தமிழாக்கிய நாம் செய்யத் தவறினோம்.

தமிழில் 'மெஸ்மரிசம்', 'ஹிப்னாடிசம்', 'மனோவசியம்', 'அறிதுயில்' ஆகியன வழங்குகின்றன. இவற்றுள் 'அறிதுயில்' திருமாலின் யோகத்துயிலுக்கு வழங்கிய பழஞ்சொல். உறங்குவான் போல் இருந்து அனைத்தையும் அறிந்திருத்தல் என்னும் அதன் முரண், பிரெய்டு சொல்ல முயன்று சொல்ல முடியாததைச் சொல்லிவிடுகிறது. இச்சொல்லை இப்பொருளுக்கு முதலில் எடுத்தாண்டவர் யாராயினும் அவர் நம் வணக்கத்துக்குரியர். வழக்கில் இது பின்தங்கியிருப்பதும் 'மனோவசியம்' முன்நிற்பதும் தற்செயலன்று.

பாதிரியார் ஃபரியாவும் அவர் சிலையும்

வியப்பு யாதெனில், 'அறிதுயில்' என்பதற்கு மிக நெருங்கிய தொடரை முதன்முதல் ஐரோப்பிய மொழியொன்றில் ஆண்டவர் ஓர் இந்தியர். கோவாவின் காண்டோலிம் ஊரில் 1756இல் பிறந்து, சிறுவயதிலேயே லிஸ்பனுக்குச் சென்று, பின் பாரிசில் வாழ்ந்த கத்தோலிக்கப் பாதிரியார் ஃபரியா, 1813இல் அந்நகரில் பொதுச் சொற்பொழிவுகளோடு செயல்விளக்கம் தொடங்கினார். அவர் இறந்த 1819ஆம் ஆண்டில் வெளிவந்த நூலின் பெயர் 'தெளிதுயிலின் காரணம் பற்றி' என்னும் பொருளுடையது. பாய்மம் இல்லை, காந்தம் இல்லை, செய்பவரிடம் தனியாற்றல் எதுவும் இல்லை என்பது அவர் கொள்கை. அந்நிலையை அவர் 'மன ஒருமிப்பு' என்றார். தம்மை அவ்வொருமிப்புக்குத் துணைநிற்பவர் என்று மட்டுமே குறிப்பிட்டார். நிகழ்வன யாவும் ஏற்பவரின் உள்ளத்திலேயே நிகழ்கின்றன என்றார்.

இவரைப் பற்றி வழங்கும் கதை ஒன்றுண்டு. இளம் குருவாகப் போர்த்துகல் அரசியின் கோவிலில் மறையுரை ஆற்ற மேடையேறியவர் அவையைக் கண்டு நாவெழாமல் நின்றாராம். கீழே நின்ற தந்தையார் கொங்கணியில், இவர்களெல்லாம் வெறும் கீரை, நறுக்கித் தள்ளு என்று முணுமுணுத்தாராம். அச்சம் அகன்றதாம். மெய்யோ புனைவோ, தந்தையின் ஒரு சொல் மகனின் நாவைத் தளையவிழ்த்தது என்பது அவர் கொள்கைக்கு நன்றாகவே பொருந்துகிறது. அலெக்ஸாந்தர் டூமா தம் 'மான்டி கிறிஸ்டோ' நாவலின் சிறைக் குருவுக்கு இவர் பெயரைச் சூட்டினார்.

கோவாவின் பணஜியில் 1945இல் இவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. அதனைக் கண்டோர் மறப்பதற்கில்லை. நெடிய அங்கியணிந்த குரு இரு கைகளையும் நீட்டி மேலே நிற்க, கீழே ஒரு பெண் சாய்ந்து கிடக்கிறாள். சிற்பத்தின் வேலைப்பாடு சிறந்தது. ஆயினும் அது ஃபரியாவின் கொள்கைக்கு நேர் எதிரான சிற்பம். அவர் மறுத்த மெஸ்மரே அங்கு நிற்கிறார். ஆற்றல் கையிலிருந்து பாய்கிறது, பெண் வீழ்கிறாள். ஒரு சிந்தனையாளருக்கு நினைவுச்சின்னம் எழுப்பும்போதே அவர் சிந்தனையை மறந்துவிட இயலும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நாம் அறிந்தவரை இல்லை. 'மனோவசியம்' என்னும் சொல்லையும் இத்தகைய சிலை என்றே கொள்ளலாம்.

ஹூக்ளி மருத்துவமனை

இந்தியா தொடர்புடைய மற்றொரு நிகழ்வு இத்துறை நூல்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல் 1845 ஏப்ரலில் வங்காளத்தின் ஹூக்ளியில் கைதி ஒருவருக்கு மெஸ்மரிச முறையைக் கையாண்டு வலியின்றிச் சிகிச்சை செய்ததாகக் கண்டார். அடுத்த எட்டு மாதங்களில் எழுபதுக்கு மேற்பட்ட அறுவைகளை அவ்வாறே செய்ததாக 1846இல் வெளியிட்ட நூலில் பட்டியலிட்டார். யானைக்கால் நோயால் விளைந்த பெருங்கட்டிகளை அகற்றியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. வங்காள அரசு குழுவொன்றை அமைத்து ஆராய்ந்தது. 1846 நவம்பரில் கல்கத்தாவில் ஒரு சிறு மருத்துவமனை சோதனையாக அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னர், அக்டோபரில், பாஸ்டனில் ஈதரைக் கொண்டு வலியற்ற அறுவை செய்து காட்டப்பட்டிருந்தது. மறுஆண்டு எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தினார். மணிக்கணக்கில் நீவ வேண்டிய மெஸ்மரிசத்தால், சில நிமிடங்களில் மயக்கும் மருந்தோடு போட்டியிட இயலவில்லை. எஸ்டெய்ல் 1851இல் இந்தியாவை விட்டு நீங்கினார்.

ஹிப்னோதெரபி பற்றிய எளிய நூல்கள் பல இவ்வரலாற்றை ஒரு வெற்றிக்கதையாகக் கூறி அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடுகின்றன. இந்தியவியல் பயின்ற நாம் அவ்வாறு கடந்துவிட முடியாது. நீவியவர் எஸ்டெய்ல் அல்லர். அவர் பயிற்றிய வங்காள உதவியாளர்கள், இந்து, முஸ்லிம் இளைஞர்கள், இருட்டறையில் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில், உடலின் மேல் கைகளை ஓட்டியும் மூச்சை ஊதியும் உழைத்தனர். அவர்களின் உழைப்பு நூலில் உண்டு, புகழில் இல்லை. இரண்டாவது, தமக்கு என்ன செய்யப்படுகிறது என்பது பெரும்பாலான நோயாளிகளுக்குத் தெரிவிக்கப்படவேயில்லை. தெரிவிக்காமையே சோதனையின் தூய்மைக்குச் சான்று என எஸ்டெய்ல் கருதினார். முதல் நோயாளி கைதி. ஏனையோரில் பலர் ஏழைகள். எதிரே நிற்பவர் கம்பெனியின் வெள்ளை மருத்துவர். இங்கு உடன்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐரோப்பியரைவிட இந்தியர் இதற்கு எளிதில் ஆட்படுவர் என்று எஸ்டெய்ல் பெருமையாக எழுதியதை, அவர்கள் எசமானரை மகிழ்விக்க வலியை அடக்கிக்கொண்டிருப்பர் என்று எதிர்ப்பாளர்கள் திருப்பிக் கூறினர். இருசாராரும் நோயாளியிடம் கேட்கவில்லை. இம்மருத்துவமனையையும் அக்கால ஆங்கிலச் சமூகத்தையும் இணைத்து ஆராய்ந்த அலிசன் வின்டரின் 1998ஆம் ஆண்டு நூல் இவ்வகையில் நம் மாணவர் அவசியம் படிக்கத்தக்கது.

எஸ்டெய்ல் நூலில் இன்னொரு சுவையான செய்தி உண்டு. வங்காளத்தில் புகழ்பெற்ற மந்திரவாதி ஒருவரை அழைத்து அவர் முறையைக் காட்டச் சொன்னபோது, அவரும் உடலை நீவியும் ஊதியுமே நோய் தீர்ப்பதைக் கண்டு, இது நம் மெஸ்மரிசமே என்று மருத்துவர் வியந்தார். வேப்பிலையால் தடவித் திருநீறு ஊதும் மந்திரிப்பைக் கண்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் மந்திரிப்பவர் தம்முடைய ஆற்றல் என்று கூறுவதில்லை. தெய்வத்தின் ஆற்றல் என்பார். மூதாட்டி 'சாமி கும்பிடுற குடும்பம்' என்றதன் நுட்பம் இதுவே. தெய்வத்தின் வயப்படுதல் அவருக்கு ஏற்புடையது. மனிதரின் வயப்படுதல் அன்று.

மேடையிலிருந்து ஆய்வகத்துக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசில் ஷார்கோ இதனை நரம்புநோயின் கூறு என்றார். நான்சியில் பெர்ன்ஹைம் இது யாவர்க்கும் இயல்பான கருத்தேற்றமே என்றார். நான்சியே வென்றது. இருவரிடமும் கற்ற ஃபிராய்டு 1890களில் இதனைக் கைவிட்டு உளப்பகுப்பாய்வுக்குத் திரும்பினார். அதன்பின் அரைநூற்றாண்டு இது பெரிதும் மேடை வித்தைக்காரர் கையில் இருந்தது. இப்பகுதி பலராலும் எழுதப்பட்டதாதலின் விரிக்கவில்லை.

திருப்பம் அளவீட்டிலிருந்து வந்தது. கிளார்க் ஹல் 1933இல் ஆய்வக நூலொன்றை வெளியிட்டார். 1959இல் ஸ்டான்ஃபோர்டில் வைட்சன்ஹாஃபரும் ஹில்கார்டும் ஓர் அளவுகோலை வகுத்தனர். ஒரே சொற்களை ஒரே முறையில் படித்துக்காட்டி, எத்தனைக் கருத்தேற்றங்களுக்கு ஒருவர் எதிர்வினை ஆற்றுகிறார் என எண்ணுவது அம்முறை. சொல்பவர் யாராயினும் விளைவு பெரிதும் மாறவில்லை. கேட்பவருக்குக் கேட்பவர் மாறியது. 25 ஆண்டுகள் கழித்து அதே மனிதரைச் சோதித்தபோதும் மதிப்பெண் ஏறத்தாழ அப்படியே இருந்தது. ஆற்றல் ஏற்பவருடையது என்னும் ஃபரியாவின் கருத்து எண்களால் நிறுவப்பட்டது. இதே காலத்தில் அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சன் கட்டளையை விலக்கி, கதையாலும் குறிப்பாலும் நோயாளியின் வழியிலேயே செல்லும் பேச்சுமுறையை வளர்த்தார். பிரிட்டிஷ் மருத்துவக் கழகம் 1955இலும் அமெரிக்க மருத்துவக் கழகம் 1958இலும் இதனை மருத்துவத்தில் பயன்கொள்ளத்தக்கது என ஏற்றன.

தமிழ்ச் சூழலில் அன்று நடந்ததோ வேறு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருநெல்வேலியில் இயங்கிய 'லேட்டன்ட் லைட் கல்ச்சர்' என்னும் அமைப்பு மெஸ்மரிசம், ஹிப்னாடிசம், மனவலிமை ஆகியன பற்றிய நூல்களையும் பாடங்களையும் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அமெரிக்கப் புதுச்சிந்தனையும் நம்மவர் யோகமும் அதில் கலந்திருந்தன. அக்கலவையின் வழியில் வந்த மலிவுப் பதிப்புகளையே நாம் இன்றும் புத்தகக் கடைகளில் காண்கிறோம். அட்டையில் இரு கண்கள், கண்களினின்று கதிர்கள். பிறரைக் கவர்வது எப்படி, மேலதிகாரியை இணங்கச் செய்வது எப்படி என்பன அத்தியாயத் தலைப்புகள். வாசகர் செய்பவராகவே எப்போதும் கருதப்படுகிறார். நோயுற்று உதவி நாடும் ஒருவர் இந்நூலைப் புரட்டக்கூடும் என்ற எண்ணமே நூலாசிரியருக்கு இல்லை.

திரைப்படமும் இதற்கு விலக்கன்று. 'அந்நியன்' (2005) படத்தில் மருத்துவர் நாயகனை அறிதுயிலில் ஆழ்த்தியதும் உள்ளே மறைந்திருந்த ஆளுமைகள் ஒவ்வொன்றாக வெளிவந்து வாக்குமூலம் அளிக்கின்றன. 'ஏழாம் அறிவு' (2011) படத்தில் எதிர்நாயகன் நோக்கிய அளவில் சாலையில் செல்வோர் கொலைஞராகின்றனர். அதற்கு 'நோக்கு வர்மம்' என்று பெயர். கலையைக் கலையாகக் காணல் வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆயினும் முதற்படம் பரப்பும் கருத்து மருத்துவத்தில் பெருந்தீங்கு விளைத்த ஒன்று. அறிதுயிலில் நினைவு பிழையின்றி வெளிப்படும் என்ற நம்பிக்கையால் 1980களிலும் 1990களிலும் அமெரிக்காவில் நடவாத கொடுமைகள் நினைவுகூரப்பட்டன, குடும்பங்கள் சிதைந்தன. 1985இலேயே அமெரிக்க மருத்துவக் கழகத்தின் குழு, இவ்வாறு பெறும் நினைவு இயல்பான நினைவைவிட நம்பத்தக்கதன்று என எச்சரித்திருந்தது. அறிதுயில் நினைவை மிகுவிப்பதினும் நினைவின் மீதான உறுதிப்பாட்டையே மிகுவிக்கிறது. முற்பிறவியைக் காட்டுவதாக விளம்பரம் செய்வோரை நாடும் நம் மக்களுக்கு இதனைச் சொல்வார் யார்?

வலியும் வேதனையும்

இனி, இன்றைய நிலை. 1984இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழுவினர் எம்மருந்துக்கும் அடங்காத குடல் எரிச்சல் நோயுடைய 30 பேரிடம் நடத்திய ஆய்வு, அறிதுயில் பெற்றோர் பெரிதும் நலமடைந்ததைக் காட்டியது. 2008இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ், ஓராண்டு மருந்துக்குப் பின்னும் குணமடையாத அந்நோயாளிகளுக்கு இதனைக் கருதலாம் எனப் பரிந்துரைத்தது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் ஃபைமன்வில் என்னும் மயக்க மருத்துவர் 1992 முதல், முழு மயக்கம் தராமல், உறுப்பை மட்டும் மரக்கச் செய்து சிறிதளவு மருந்தும் அறிதுயிலும் சேர்த்துக் கழுத்துச் சுரப்பி அறுவைகளை நடத்திவந்துள்ளார். எஸ்டெய்லின் அறை மீண்டும் திறந்தது எனலாம்; இம்முறை நோயாளி அறிந்து, ஒப்பி, அறுவையின்போது மருத்துவரோடு பேசியபடி கிடக்கிறார்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தன்று. புகைப்பழக்கத்தை விடுவிப்பதில் இது பிற முறைகளினும் சிறந்தது என்பதற்குப் போதிய சான்றில்லை என்பதே 2019இல் கோக்ரேன் தொகுப்பாய்வு கண்ட முடிவு. நாளிதழ் விளம்பரங்கள் முதலில் உறுதியளிப்பது அதனையே என்பது வேறு செய்தி. வலியைப் பொறுத்தவரை, அதே ஆண்டில் 85 ஆய்வுகளையும் 3632 பேரையும் தொகுத்துக் கண்ட ஆய்வு, எளிதில் ஏற்பவரிடம் வலி 42 விழுக்காடும் இடைநிலையினரிடம் 29 விழுக்காடும் குறைந்ததாகக் கணித்தது. இவை ஆய்வகத்தில் நலமுடையோருக்கு உண்டாக்கிய வலிகள். மூதாட்டியின் முழங்கால் அன்று.

1997இல் மொன்றியாலில் பியேர் ரேன்வில் குழுவினர் செய்த ஆய்வைத் தமிழாசிரியர்கள் குறிப்பாக நோக்க வேண்டும். சுடுநீரில் கையை வைத்தோரிடம், சூட்டின் அளவு பற்றி எதுவும் கூறாது, அதன் துன்பந்தரும் தன்மை மட்டும் குறைவதாகக் கருத்தேற்றினர். மூளையில் உணர்ச்சியின் வலிமையைப் பதிவுசெய்யும் பகுதி மாறவில்லை. துன்பத்தோடு தொடர்புடைய முன் சிங்குலேட் புறணி மாறியது. ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டை நீண்ட தொடர்களால் விளக்க வேண்டியிருக்கிறது. தமிழில் 'வலி', 'வேதனை' என இரண்டு சொற்கள் முன்னமே உள. வலி இருக்கிறது, வேதனை இல்லை என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். விளக்கத்தாளில் அவ்விரு சொற்களையும் பிரித்து ஆண்டிருந்தாலே பாதி விளக்கம் முடிந்திருக்கும்.

ஹிப்னோதெரபி சொல்லால் ஆகிய மருத்துவம் என்பதை நம் துறையினர் இன்னும் கருத்திற் கொள்ளவில்லை. மாத்திரை எம்மொழி பேசுவோர் வயிற்றிலும் ஒன்றுபோல் கரையும், கருத்தேற்றம் அப்படியன்று. 'தோள்களைத் தளர்த்துங்கள்' என்பது பிறவினை. செய்யும் பொறுப்பு நோயாளி தலையில் விழுகிறது, முயல்கிறார், முயற்சியே இறுக்கமாகிறது. 'தோள்கள் தளர்கின்றன' என்பது தன்வினை; தளர்ச்சி தானே நிகழ்கிறது. ஆனால் தளராதவர்க்கு அது பொய்யுரையாகிவிடும். இடைநிலையில் தமிழ் ஒரு வடிவம் வைத்திருக்கிறது: 'தோள்கள் தளரட்டும்'. ஏவலும் அன்று, கூற்றும் அன்று. வியங்கோளின் இன்றைய வாரிசு இது. தொல்காப்பியர் வியங்கோள் தன்மை முன்னிலைகளில் பெரும்பாலும் வாராது என்றார். நன்னூலார் எல்லா இடத்தும் வரும் என்றார். இந்த இலக்கண வேறுபாட்டைத் தேர்வுக்காக மட்டுமே நாம் கற்பித்து வந்துள்ளோம். கட்டளையிடாமல் ஒன்றை நிகழவிடும் மொழியை எரிக்சன் ஆயுள் முழுதும் தேடினார். அத்தேடலுக்கு நம் இலக்கணத்தின் வினையியலில் இடமுண்டு.

இன்னும் ஒன்று. 'எனக்கு வலிக்கிறது' என்னும் தொடரில் வலிக்கு உரியவர் எழுவாயாக நிற்பதில்லை. நான்காம் வேற்றுமையில், ஏற்பவராக நிற்கிறார். வலி வருகிறது, தங்குகிறது, போகிறது. 'வலி கொஞ்சம் தள்ளி நிற்கட்டும்' என்று தமிழில் இயல்பாகச் சொல்லலாம். ஆங்கில உரையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'உங்கள் வலியை விடுவியுங்கள்' என்று ஒலிப்பதிவு செய்து கொடுத்தால், கேட்பவர் தாம் எதைப் பிடித்துவைத்திருந்தார் என்று திகைப்பார்.

மீளும் காந்தம்

இக்கலை செல்லும் திசைக்கு மூன்று நிகழ்வுகளைச் சுட்டுகிறோம். 2019இல் நெதர்லாந்தில் 354 பேரிடம் நடந்த ஆய்வு, குடல்நோய்க்கு அறிதுயிலைக் குழுவாக அளிப்பது தனியாக அளிப்பதினும் தாழ்ந்ததன்று எனக் காட்டியது. மருத்துவர் குறைந்த நாடுகளுக்கு இது நற்செய்தி. நமக்கோ இதில் மொழிச்சிக்கல் உண்டு. மும்மொழியினர் அமரும் அறையில் எம்மொழியில் கண்மூடச் சொல்வது?

2021 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், குடல்நோய் வலிக்கான 'ரெகுலோரா' என்ற கைப்பேசிச் செயலிக்கு இசைவளித்தது. மருத்துவர் குரலாகிவிட்டார், குரல் கோப்பாகிவிட்டது. மருத்துவரின் ஆளுமைக்கு இனி வேலையில்லை என்னும் வகையில் இது ஃபரியாவின் வெற்றி. ஆனால் நோயாளி நடுவில் அழத் தொடங்கினால் நிறுத்துவது யார் என்பதற்குக் கோப்பிடம் விடையில்லை. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு மரபுவழி, துணைநிலை மருத்துவச் சட்டத்தின்கீழ் முதலில் ஏற்கப்பட்ட ஏழு துறைகளுள் ஹிப்னோதெரபி இல்லை. முறையாகப் பயின்ற மருத்துவரும் வார இறுதி வகுப்பில் சான்றிதழ் பெற்றவரும் செயலியும் ஒரே சொல்லால் அழைக்கப்படுவதைத் தடுக்க அச்சட்டம் மட்டும் போதாது.

மூன்றாவது நிகழ்வு நம்மை நெடிது சிந்திக்க வைத்தது. 2024இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர், நாட்பட்ட தசைவலியுடைய 80 பேரில் ஒரு பகுதியினரின் மூளை முன்பகுதியில் ஒரு குறித்த புள்ளிக்கு 92 விநாடிகள் காந்தத்துடிப்புகள் செலுத்தினர். 25 ஆண்டிலும் மாறாது எனக் கருதப்பட்ட ஏற்புத்திறன் ஏறத்தாழ ஒரு மணிநேரம் சற்றே உயர்ந்தது. மெஸ்மர் 1774இல் காந்தத்தை எடுத்தார். 250 ஆண்டுகள் கழித்துக் காந்தம் திரும்பிவந்துள்ளது, இம்முறை மெய்யாகவே. வலியுற்றோருக்கு இது பயன்படின் மகிழ்வோம். ஆயினும், ஏற்பவரின் சொந்தத் திறன் என நெடுங்காலம் போராடி நிறுவப்பட்டதைப் புறத்திலிருந்து கூட்டவும் குறைக்கவும் கூடுமெனில், ஒருவர் அளிக்கும் உடன்பாடு எந்நிலையில் பெறப்பட வேண்டும், துடிப்புக்கு முன்னா பின்னா? ஹூக்ளியில் கேட்கப்படாத வினா இது. 'மனோவசியம்' என்ற சொல் முதன்முறையாகப் பொருத்தமுறும் காலம் வந்துவிடலாகாதே என்று அஞ்சுகிறோம்.

விளக்கத்தாளை மாணவரும் நாமும் சேர்ந்து திருத்தினோம். 'அறிதுயில் முறை' எனத் தலைப்பிட்டோம். வலியையும் வேதனையையும் பிரித்தோம். 'செய்யப்படும்' என முடிந்த வாக்கியங்களை மாற்றினோம். மாணவர் அதனை எடுத்துச் சென்று மூதாட்டிக்கு மீண்டும் படித்துக் காட்டினார். முழுதும் கேட்டபின் அவர் ஒன்றே ஒன்று வினவினாராம்: "கண்ண மூடினப்புறம் எனக்குப் பிடிக்கலேன்னா, நானே தொறந்துக்கலாமா தம்பி?" மலாய் மூலத்தில் அதற்கு விடை இல்லை. நம் தமிழிலும் இல்லை. இப்போது தாளின் முதல் வரி அதுவே: 'நீங்கள் விரும்பும்போது கண்களைத் திறந்துகொள்ளலாம்.' மலாய்த் தாளிலும் அவ்வரியைச் சேர்க்குமாறு மாணவர் மருத்துவமனைக்கு எழுதியிருக்கிறார்.